களத்துமேட்டுக் கொட்டகையின் சாவி

பங்குனி 5, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மேற்கே மழைக் கருக்கல் போட்டிருக்கிறது. இந்தக் கரிசல் சீமையில் மழை வரும்போல இருந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். பங்குனியில் மட்டும் வேண்டாம் சாமி. மிளகாய் வத்தல் காயும் மாதம்.

செய்ய வேண்டியவை: பெரிய அரவை மிஷினுக்கு பெல்ட். மல்லி தீரப்போகிறது, சொல்லிவைக்க. இவருக்கு பிரஷர் மாத்திரை (கேட்டுக்கொண்டே இருக்கிறார், மறந்துகொண்டே இருக்கிறேன்).

மதுரையிலிருந்து போன். மசாலா கம்பெனிக்குச் சரக்கு எடுக்கிற ஆள். நல்ல மாதிரி, ஆனால் கறார். "உங்க மிளகாப்பொடி எங்களுக்குப் பிடிச்சிருக்கு மேடம். இந்த வருச வத்தல்ல சாம்பிள் அனுப்புங்க. மண்ணு, பூஞ்சை இல்லேன்னு லேப்ல வந்துருச்சுன்னா வருசம் பூரா உங்ககிட்டதான்."

வருஷம் பூராவும்! போனை வைத்துவிட்டு அடுப்படியில் தனியாக ஒரு சிரிப்பு. கோ.பட்டியில் பெயருக்கு ஒரு மில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குகிறேன். இது கிடைத்தால் நிமிர்ந்துவிடலாம். வத்தல் போடுகிற நா.புரத்து ராமசாமி அண்ணாச்சிக்கும் அவர் ஊர்க்காரர்களுக்கும் கமிஷன் கடை வாசலில் கைகட்டி நிற்கும் வேலை இருக்காது.

மண், பூஞ்சை இல்லாமல் காய வைக்க இடம்? இருக்கிறது. அங்கேதான் வயிறு எரிகிறது.

எழுதிவிடுகிறேன், எரிச்சலாவது குறையட்டும். நா.புரத்தில் வத்தல் காயப்போட ஒரே ஒரு நல்ல இடம், ஊருக்குக் கிழக்கே உள்ள களத்துமேடு. சுற்றிலும் கரிசல். காய்ந்தால் கால் நுழைகிற வெடிப்பு, நனைந்தால் பசை. களத்துமேடு மட்டும் சரளை. கெட்டித் தரை, தண்ணீர் நிற்காது. சிறு தொழிலை வளர்க்கிற அந்த ஆபீசிலிருந்து ஒருநாள் ஜீப்பில் வந்தார்கள். வத்தல் உலர்த்தக் கொட்டகை கட்டித் தரப்போகிறோம், மேடாக, கெட்டியாக ஒரு இடம் காட்டுங்கள் என்றார்கள். ஊரே சேர்ந்து சந்தோஷமாகக் களத்தைக் காட்டியது. நானும் நின்று கைதட்டினேன்.

கொட்டகை வந்தது. வெளிச்சம் இறங்குகிற கூரை, காற்றாடி, தட்டுத் தட்டாக அடுக்கு. சுற்றிலும் கம்பிவேலி. கேட்டில் பூட்டு. போன பங்குனியில் போட்ட பூட்டு இந்தப் பங்குனியிலும் அப்படியே தொங்குகிறது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்து திறக்க வேண்டுமாம். அவருக்குத் தேதி இல்லையாம். கல்வெட்டு எப்போதோ தயார். பெயரெல்லாம் வெட்டியாகிவிட்டது. தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று கிடக்கிறது.

ஆக, களமும் போயிற்று, கொட்டகையும் இல்லை. ஊர் வத்தல் தார் ரோட்டில் காய்கிறது.

பங்குனி 6, செவ்வாய்

நல்ல வெயில். கருக்கல் கலைந்துவிட்டது.

கல்யாண மண்டபத்தில் தொழில்முனைவோர் வழிகாட்டு முகாம். அதே ஆபீஸ் நடத்துவது. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், பெண் வீட்டுக்காரர் மாதிரி. கொடுத்தவை: துணிப்பை, பேனா (எழுதவில்லை), தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். மிட்டாய் நல்ல சரக்கு, குறை சொல்லக்கூடாது.

மேடையில் ஒருவர்: "சிறு தொழில்களே இந்த வட்டாரத்தின் முதுகெலும்பு." எனக்கு முதுகு வலித்தது. பிளாஸ்டிக் நாற்காலி.

பிறகு திரையில் படங்கள். பார்த்தால், நம் கொட்டகை! கீழே பச்சை எழுத்தில் 'பயன்பாட்டில் உள்ளது'. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், அந்தக் கொட்டகை யாரு பயன்பாட்டுல இருக்கு? பூட்டுல்லா தொங்குது?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து நாற்காலியில் தீப்பெட்டி யூனிட் நடத்துகிற ஒரு அண்ணாச்சி, மெதுவாக: "எம்மா, வடை வார நேரம். செத்த இருந்து கேளுங்க."

திட்ட அலுவலர் (இனி தி.அ.) இறங்கி வந்து பின்வாசல் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். சின்ன வயசு. வெளியூர்க்காரர். சட்டையில் வியர்வை.

"மேடம், கோபப்படாதீங்க. இந்த மாசமே ஓப்பன் பண்ணிருவோம்."

"போன சித்திரையிலயும் இதத்தான சொன்னீங்க?"

"அது முன்னாடி இருந்த சார் சொன்னது."

"சரி, சாவியையாவது ஊர்ல யார்ட்டயாவது குடுத்து வையுங்க. மழை வந்தா திறந்து வத்தல உள்ள தள்ளிக்கிடுவாவ."

"திறப்பு விழா நடக்காத கட்டடத்த எப்படி மேடம் திறக்கிறது?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. மனுஷன் கெட்டவர் இல்லை. எனக்கு வடை கிடைக்கவில்லை என்று பார்த்துத் தன் தட்டை என்னிடம் நீட்டினார். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

வடை தின்றேன். ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே இவர்: "ஏட்டி, மண்டபத்துல சண்ட போட்டியாமே?" கோ.பட்டியில் பஸ்தான் தாமதமாக வரும்.

பங்குனி 7, புதன்

பெல்ட் இன்னும் வரவில்லை. மல்லிக்குச் சொல்லியாயிற்று.

நா.புரம் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டேதான். ஊர் எல்லை தொடங்கியதும் ரோட்டின் ஒரு பாதி சிவப்பு. இப்படி ஒரு நிறம் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம். இன்னும் கொஞ்சம் வெயில் கிடைத்தால் போதும்.

ஊர்க்காரர்களுக்கு மதுரைக்காரர் சொன்னதைச் சொல்லியிருந்தேன். ரோட்டைக் கழுவி, சாக்கைத் தைத்து விரித்து, அதன்மேல் போட்டிருக்கிறார்கள். மண் ஒட்டக்கூடாதாம். யாரும் வகுப்பெடுக்கவில்லை, பன்னீர் தெளிக்கவில்லை. வாங்க ஆள் உண்டு என்ற ஒரே ஒரு பேச்சுக்கு இவ்வளவு.

ராமசாமி அண்ணாச்சியின் வத்தல் கடைசியில், பாலத்துப் பக்கம். அவர்தான் எல்லோரையும் விட அதிகம் போட்டிருக்கிறார். நிலத்தில் பாதிக்கு மேல் இந்தத் தடவை மிளகாய். விதைக்கும்போதே, மில்லுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்ற என் பேச்சை நம்பித்தான். அவர் சம்சாரம் ராஜம்மாள் மதினி காலால் வத்தலைக் கிளறிக்கொண்டே நடக்கிறார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, நம்மோடு தமிழ்.

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வத்தல் மேலேயே ஏறப் பார்த்தது. மதினி நடுரோட்டில் இடுப்பில் கைவைத்து நின்றார். லாரி ஒதுங்கிப் போனது.

அண்ணாச்சி களத்துமேட்டுப் பக்கம் கை காட்டி: "பாத்தியா தங்கச்சி, மைனா கூடு கட்டிருக்கு கொட்டகைக்குள்ள. அதுக்கு மட்டும் யாரு தேதி குடுத்தா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அடுக்குத் தட்டுகளில் தூசி. கல்வெட்டின் மேல் துணி, வெயிலில் நைந்துபோய்.

பங்குனி 9, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாம்பிள் எடுக்க நா.புரம் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேற்கே கறுத்தது. காற்று நின்றுவிட்டது. தி.அ.வுக்குப் போன் அடித்தேன். எடுத்தார். மீட்டிங்கில் இருக்கிறாராம். சாவி விளாத்திகுளத்துக் கிளை ஆபீசில், அங்கே போய்க் கேளுங்கள், நானும் சொல்கிறேன் என்றார்.

அண்ணாச்சி உடனே மொபெட்டை எடுத்துவிட்டார். "நான் போயி வாங்கிட்டு வந்திருதேன். கொட்டகை திறந்துட்டா ஊரு வத்தல் மொத்தமும் உள்ள போயிரும்." மதினி, "மொதல்ல நம்ம வத்தல அள்ளிட்டுப் போங்க" என்றார். "எல்லாருக்குந்தான பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் முதல் துளி. கட்டைவிரல் அளவுத் துளி.

ஆளாளுக்கு அவரவர் வத்தலைக் கூட்டி அள்ள ஓடினார்கள். அள்ளி எங்கே கொண்டுபோவது? வீடுகளில் இடம் இல்லை. அப்போதுதான் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற எங்கள் சபை உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "வேதக்கோயில திறந்துட்டேன். உள்ள கொண்டுபோய்க் கொட்டுங்க!" யாரிடமும் கேட்கவில்லை. மேலிடத்துக்கு எழுதவில்லை. அவரும் ஒரு சாக்கைத் தலையில் தூக்கினார். சாமி கும்பிடுகிற ஊர்க்காரர்களெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வத்தல் மூட்டையோடு உள்ளே போனார்கள். அந்த அவசரத்திலும் செருப்பைக் கழற்றினார்கள்.

நானும் மதினியும் பாலத்துப் பக்கம் ஓடினோம். இரண்டு பொம்பளைகள், அவ்வளவு வத்தல். கூட்டக் கூட்ட தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. மற்றவர்கள் தங்கள் வத்தலைப் போட்டுவிட்டு உதவிக்கு வரும்போது பாலத்துக்கடியில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான் ஓடியது. மிச்சம் அங்கேயே ஊறிக் கிடந்தது.

மழை விட்ட பிறகு அண்ணாச்சி வந்தார். சொட்டச் சொட்ட. கையில் ஒன்றும் இல்லை.

"என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

"பீரோ சாவி வச்சிருக்க சாரு இன்னைக்கு லீவாம். நாளைக்கு வாங்கன்னாவ."

ரோட்டைப் பார்த்தார். மதினி "தேவுடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி, நனைந்த வத்தல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர் வத்தலுக்காகப் போன மனுஷனின் வத்தல் மட்டும் நனைந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கொட்டகைக் கூரை தெரிகிறது. கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று.

நாசமாய்ப் போக. எழுதக்கூடாதுதான். எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன்.

பங்குனி 11, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. மூட்டம், ஆனால் மழை இல்லை.

இங்கே டவுன் கோயிலுக்குப் போகாமல் நா.புரம் வேதக்கோயிலுக்கே போனேன். பீடத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு மற்ற இடமெல்லாம் வத்தல். எல்லாக் காற்றாடியும் ஓடுகிறது. உபதேசியார் 'ஓசன்னா' என்று எடுத்தார், தும்மினார். நாங்கள் ஓலையை ஆட்டிக்கொண்டே தும்மினோம். பிரசங்கம் சுருக்கமாக முடிந்தது. கண்ணீர் விட்டுக் கேட்ட ஜனங்கள் இதுபோல் எந்த வருஷமும் இருந்ததில்லை என்றார்.

வெளியே வாசலில் அண்ணாச்சி நின்றிருந்தார். ஊர்க்காரர்களின் வத்தலைக் கிளறிவிட வந்திருக்கிறார். அவருடையது ஒரு பிடி கூட உள்ளே இல்லை.

"ஒமக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை?"

"வத்தலுக்கு அது யாரு வத்தல்னு தெரியுமா தங்கச்சி? கிளறலன்னா புழுங்கிரும்."

பங்குனி 13, செவ்வாய்

வெயில், பிரமாதமான வெயில். வெட்கம் கெட்ட வெயில்.

அண்ணாச்சியின் வத்தல் காய்ந்து வெளுத்துவிட்டது. உடைத்தால் உள்ளே கறுப்புத் தூசி. மில்லில் அரைக்கவும் முடியாது. எரித்துவிடச் சொன்னேன். கேட்கவில்லை, சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் மிளகாய் போடப்போவதில்லையாம். "சோளத்த வெதச்சுட்டு சும்மா கெடக்கேன்." இந்த வார்த்தைதான் மழையை விட எனக்கு வலித்தது.

சின்ன மிஷின் ஓடும்போது யோசனை. என்னிடம் அந்த ஆபீசைக் கொடுத்தால்:

- சாவி அந்தந்த ஊரில்.
- ஏற்கனவே உபயோகத்தில் இருக்கிற இடத்தின் மேல் எதையும் கட்டாதே.
- வத்தல் காலத்தில் வத்தல் ஊருக்கு வா. முகாமைக் கார்த்திகையில் வைத்துக்கொள்.
- பேனா வேண்டாம். வாங்குகிற ஆளைக் கூட்டி வா.
- மழைக்குத் திறப்பு விழா தெரியாது

மல்லி மூட்டை வந்துவிட்டது. பட்டியல் அப்படியே நிற்கிறது.

பங்குனி 15, வியாழன்

தி.அ. மில்லுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. தேதி கிடைத்துவிட்டதாம்! வருகிற செவ்வாய்க்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். டீ கொடுத்தேன். மழை பெய்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். கேட்டார். "ஆமா மேடம், கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமா இருக்கு." குரலில் வருத்தம் இருந்தது. உடனே அடுத்தது:

"ஒரு சின்ன ஹெல்ப். சார் வர்றப்போ கொட்டகை காலியா இருந்தா நல்லாருக்காது. சர்ச்சுல காய வச்சீங்களே, அந்த வத்தல் கொஞ்சம் எடுத்துத் தட்டுல பரப்பி வச்சா, நடக்கிற மாதிரி இருக்கும்."

நடக்கிற மாதிரி! டீ டம்ளரை வைத்த சத்தத்தில் மிஷின்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், சாக்கு வாங்க வந்து ஓரமாக நின்றிருந்த ராமசாமி அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"வத்தல் தானே சார்? நான் கொண்டாந்து பரப்பி வைக்கேன். எங்கிட்ட கெடக்கு."

தி.அ.வுக்கு ஒரே சந்தோஷம். பெரிய அதிகாரி உங்கள் கையிலேயே சாவியைக் கொடுக்கட்டும், பயனாளியாக மேடையில் நில்லுங்கள் என்றார். அண்ணாச்சி தலையாட்டினார்.

தி.அ. போன பிறகு அண்ணாச்சியைப் பிடித்துக் கத்தினேன். இப்படியா அடங்கிப்போவது, சூடு சொரணை வேண்டாமா என்று. அண்ணனாக நினைக்கிறவரைப் பேசக்கூடாத பேச்சு. அவர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாரேன் தங்கச்சி" என்று போய்விட்டார்.

கோபத்தில் இன்று மாவு கூடப் பிசையவில்லை. இவர் ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார்.

பங்குனி 19, திங்கள்

மதுரைக்காரர் போன். நான் அனுப்பிய வேதக்கோயில் வத்தல் சாம்பிள் லேப்பில் தேறிவிட்டது! மண் இல்லை, பூஞ்சை இல்லை. "எங்க காய வச்சீங்க மேடம்? இவ்வளவு சுத்தமா இருக்கே." கோயிலில் என்றேன். சிரித்தார், நம்பவில்லை.

ஆனால் நான் சொன்ன அளவுக்கு வத்தல் இல்லை. அண்ணாச்சி பங்குதானே பெரிசு, அது இல்லாமல் எப்படி? இருப்பதை முதலில் அனுப்புங்கள், வருஷம் பூராவுக்கு எழுதிக்கொள்வதை அடுத்த அறுவடையில் பார்க்கலாம் என்கிறார். அடுத்த அறுவடைக்கு அண்ணாச்சி மிளகாய் போடவேண்டுமே.

சந்தோஷமா துக்கமா தெரியவில்லை. பெல்ட் வந்துவிட்டது. மாட்டியாயிற்று.

பங்குனி 20, செவ்வாய்

புழுக்கம். திறப்பு விழா.

கொட்டகை வாசலில் வாழைமரம், மைக் செட், பந்தல். கல்வெட்டில் தேதி வெட்டியாகிவிட்டது, புது எழுத்து பழைய எழுத்தைவிட வெள்ளையாக இருக்கிறது. மைனாக் கூட்டைக் கலைத்துவிட்டார்கள். பெரிய அதிகாரி தாமதமாக வந்தார். நாடா வெட்டினார். உள்ளே போனார். நாங்களும் பின்னால்.

தட்டுத் தட்டாக வத்தல். எல்லாம் வெள்ளை. ராமசாமி அண்ணாச்சியின் மழையில் நனைந்த வத்தல். ஒரு தட்டு விடாமல், அழகாக, ஒரே கனத்தில் பரப்பி வைத்திருக்கிறார். தி.அ. முகம் அந்த வத்தல் நிறத்துக்கு வந்தது.

பெரிய அதிகாரி ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது என்ன ரகம்? வெள்ளையா இருக்கே?"

அண்ணாச்சி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மரியாதையாக: "ரகம் நம்ம ஊரு சிவப்பு ரகந்தான் ஐயா. இந்தக் கொட்டகைக்கு வெளியில காஞ்சுது. மழை வந்த அன்னைக்கு இது பூட்டிக் கெடந்துச்சு. ஐயா வரணும்னு இவிய காத்துக்கிட்டு இருந்தாவ."

அதிகாரி வத்தலை ஒடித்தார், விரலில் கறுப்புத் தூசி. துடைக்க எதுவும் கிடைக்காமல் கையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றார். தி.அ.வைப் பார்த்தார், தி.அ. தரையைப் பார்த்தார். போட்டோக்காரர் ஒருவர்தான் பேசினார்: "சார், கொஞ்சம் இங்கன பாருங்க."

சாவி கொடுக்கும் நேரம். வெள்ளித்தட்டு, ரோஸ் ரிப்பன், சாவி. அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊர் கைதட்டியது. மதினி தட்டிய சத்தம் தனியாகக் கேட்டது. பொட்டலமாகக் கொடுத்த லட்டுக்கு யாரும் அவசரப்படவில்லை.

கார்கள் கிளம்பின. தி.அ. மட்டும் நின்றார். கடைசியாக அண்ணாச்சியிடம் வந்தார், என்னமோ கேட்கக் கூச்சப்படுகிற மாதிரி.

"ஐயா... அந்தச் சாவி. ஒப்படைப்பு ஆர்டர் இன்னும் வரல. அதுவரைக்கும் ஆபீஸ்ல இருக்கணும். குடுத்தீங்கன்னா..."

அண்ணாச்சி ரிப்பனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். சாவியை வேட்டி மடிப்பில் வைத்துச் சுருட்டி இறுக்கினார். மேற்கே பார்த்தார். கருக்கல் போட்டிருந்தது.

"இன்னைக்கு லீவு சார். நாளைக்கு வாங்க."